எங்கள் ஒரு பங்கு

எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, சிமெந்துத் தரையில் நான்கு சின்னப் பள்ளங்கள் இருந்தன. என் தையல் மெஷினின் இரும்புக் கால்கள் அழுந்திய இடம் அது. கொழும்புக்கும் எங்கள் கிராமச் சபைக்கும் நடுவில் இருந்த கொடுக்கல் வாங்கலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பள்ளங்கள் சொல்லித் தந்ததுதான். படித்தவர்கள் அதை வேறு விதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

பலாபத்வலையில் பெரிய வீதியை விட்டு விலகி, கொக்கோவும் மிளகும் நின்ற மேட்டில் ஏறினால் எங்கள் ஊர். பெரும்பாலும் முஸ்லிம்கள். ஓர் ஓரமாகச் சிங்களவர் வீடுகள். அதற்கும் மேலே தோட்டங்கள். என் கணவர் தம்புள்ளைப் பாதையில் லொறி ஓட்டியவர். கண்டியில் பழைய சாமான் விற்கிற கடையில் அந்தக் கால்மிதி மெஷினை வாங்கி, லொறியின் பின்னால் மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். மெஷின் மட்டும் நின்றது. நானும் மகளும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மகள் மாத்தளையில் படித்தாள். தினமும் பஸ். இன்னும் ஒரு வருஷத்தில் எஸ்.எஸ்.சி. எழுதி, பாஸானால் டீச்சராகலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் டீச்சராகவில்லை. அவள் பரீட்சை எழுதும்வரை மெஷின் ஓட வேண்டும். நான் அல்லாஹ்விடம் கேட்டது அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு ஊர்த் தையல் வரும். ஆனால் என் வீட்டு அடுப்பை வருஷம் முழுக்க எரியவைத்தது தீபாவளிதான். தோட்டத்துப் பெண்கள் செப்டெம்பரிலேயே லயத்து வீடுகளிலிருந்து இறங்கி வந்து துணியைத் தந்துவிட்டுப் போவார்கள். முன்பணம் கேட்டால் சிரிப்பார்கள். தோட்டத்தில் சம்பளம் போட்டதும், ஒக்டோபரில் கூலியைத் தந்து ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு முஸ்லிம் பெண் இப்படித் தீபாவளியை எதிர்பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு இருப்பாளா என்று என் நானா கேலி செய்வார். என் உடன்பிறந்தவர், பலசரக்குக் கடையில் நிற்கிறவர், என்னைக் கேலி செய்வதில் அவருக்கு அலுப்பே வராது.

தண்ணீர் என்றால் எங்களுக்குப் பள்ளத்து ஓடைதான். குடத்தோடு இறங்குவது லேசு, ஏறுவதுதான் உயிர் போகிற வேலை. மழை நின்றுவிட்டால் ஓடை மெலிந்து போகும். பிறகு மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். விடியற்காலையில் போனால்தான் கலங்காத தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாப் பெண்களும் விடியற்காலையில் போவோம். அதனால் யாருக்கும் கலங்காத தண்ணீர் கிடைக்காது. எங்கள் சண்டைகளில் பாதி அந்த மணலில் தொடங்கியவை. எனக்கு இடுப்பில் ஒரு பக்கம் இன்றைக்கும் கோணல்.

ஒரு வருஷம் வறட்சி பொறுக்க முடியாமல் பெண்கள் சேர்ந்து சபைத் தலைவரின் வீட்டுக்குப் போனோம். முன்னால் நின்று பேசியது நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். தலைவர் என் கணவருக்கு மாமா முறை, எனக்கும் மாமாதான். கொக்கோவும் மிளகும் வாங்கி, காயவைத்து, மாத்தளைக்கு அனுப்புகிற முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. நல்லவராக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவர்.

“மாமா, மலையிலீந்து பைப் ஒண்டு இழுத்துத் தாங்க. எங்கட இடுப்பு ஒடிஞ்சி போகுது” என்றேன்.

“சல்லி எங்க புள்ள ஈக்கி? சபைட பெட்டியத் தொறந்து பாருங்க, கரப்பான்தான் ஓடும்.”

“அப்ப கொழும்புல கேளுங்க.”

“கேட்டாச்சு. அவங்க தாரன்டுதான் சொல்றாங்க.” வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த வாங்கின் மேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி இரண்டு பாக்கை வைத்தார். “இந்த ஒண்டு எங்கட பங்கு. இத நாங்க வச்சாத்தான் கவர்மேந்து அந்த ரெண்டையும் வைக்கும். அதுவும் நாங்களே ஊர்ல அறவிட்ட சல்லியா ஈக்கணும். செத்தம்பர் முடியிறதுக்குள்ள கட்டாட்டி அந்த ரெண்டும் திரும்பிப் போயிரும்.”

“அந்த ரெண்டும் இப்ப எங்க ஈக்கி?”

“கொழும்புல.”

“நீங்க கண்டீங்களா?”

மாமா சிரித்தார். “கவர்மேந்துட சல்லிய யாரு புள்ள கண்ணால கண்டீக்கி?” என்று சொல்லிக்கொண்டே எங்கள் பங்குப் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாங்களும் சிரித்தோம். சந்தோஷமாகத்தான் வீடு வந்தோம். மூன்றில் இரண்டு பங்கை யாரோ சும்மா தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எங்கள் சபைக்கு என்ன வருமானம் என்று அதற்குப் பிறகுதான் நான் யோசித்தேன். நாய்க்கு லைசன்ஸ் வில்லை, சைக்கிளுக்கு வில்லை, சந்தைக் குத்தகை, கடைத்தெருவை ஒட்டிய வீடுகளுக்குச் சோலைவரி. அவ்வளவுதான். தோட்டத்துத் தேயிலையும் எங்கள் மிளகும் கொக்கோவும் கப்பலேறும்போது வருகிற வரி கொழும்புக்கு. எங்களுக்கு நாய் வில்லை. அதற்குப் பிறகு கொழும்பு ஏதோ பார்த்துத் தரும். தந்ததை வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பறித்துக்கொள்ளும். கவர்மேந்துக்குச் செப்டெம்பரோடு வருஷம் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு செப்டெம்பரும் எங்கள் ஊர் மதகுகளுக்கு அவசர அவசரமாகச் சுண்ணாம்பு பூசுவார்கள். ஒக்டோபர் மழை வந்து அதைக் கழுவிவிடும்.

சோலைவரியை ஊரில் யாரும் நேரத்துக்குக் கட்டியதில்லை. கட்டாதவர் வீட்டிலிருந்து சபை ஆட்கள் ஒரு சாமானை எடுத்துக்கொண்டு போவார்கள். பறையடித்து, சபைக் கந்தோர் முன்னால் நிற்கிற பலாமரத்தடியில் ஏலம் போடுவார்கள். அந்த ஏலத்துக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லா ஆண்களும் போய் நிற்பார்கள், வெற்றிலை போடுவார்கள், மரத்தில் பலாக்காய் எத்தனை என்று அண்ணாந்து பார்ப்பார்கள். சாமானின் சொந்தக்காரருக்கு மச்சானோ தம்பியோ ஒருவர் சும்மா ஒரு தொகையைச் சொல்வார். வேறு குரல் வராது. அந்தத் தொகைக்கே சாமான் விழுந்து, தோளில் ஏறி, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். அடுத்தவன் வீட்டுச் சாமானை ஏலத்தில் கேட்டவன் கடையில் யாரும் சீனி வாங்கமாட்டார்கள். சிங்களவர் பக்கத்திலும் இதே முறைதான். சபைக்கும் தெரியும். இப்படியே வருஷங்கள் ஓடின.

கணவர் போன பிறகு நானும் சோலைவரி கட்டவில்லை. கட்டக் கூடாது என்று இல்லை. பஸ்ஸுக்குக் கொடுத்து, அரிசிக்குக் கொடுத்து முடிந்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை. தீபாவளித் தையல் கூலி வந்ததும் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். என் வருஷம் ஒக்டோபரில் பிறக்கிறது, கவர்மேந்து வருஷம் செப்டெம்பரில் செத்துப்போகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது சில வாரங்கள்தான்.

வரி அறவிடுகிற மனிதர் இரண்டு கூலியாட்களோடு வந்தார். சிங்களவர், பக்கத்து மேட்டில் வீடு. அவருடைய மனைவியின் கல்யாணச் சட்டையைத் தைத்ததே நான்தான். முகத்தைப் பார்க்காமல் வாங்கில் உட்கார்ந்தார். இந்த முறை கொழும்புப் பங்குக்காகக் கட்டாயம் அறவிட வேண்டுமாம். பெறுமதியான சாமானாக எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பழைய அலுமாரி, கட்டில், பாத்திரங்கள். பெறுமதியான சாமான் எது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

ஊசிக்குக் கீழே தோட்டத்துப் பெண் ஒருத்தியின் ஜாக்கெட் கை இருந்தது. நூலை வெட்டி அதை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயப்புடாதீங்க உம்மா, தலைவர் மாமா ஈக்கிறாங்கதானே” என்றாள்.

உண்மையில் நான் பெரிதாகப் பயப்படவில்லை. ஏலத்தில் நானா ஒரு சின்னத் தொகை சொல்வார், மெஷின் திரும்பி வரும். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பறையடித்தவன் ஏலம் வெள்ளிக்கிழமை பகல் என்று சொன்னபோது ஊரே சிரித்தது. ஜும்ஆத் தொழுகை நேரத்தில் ஏலம் வைக்கிறார்களாம், மடையர்கள்!

“ஒரு மனிசனும் வரமாட்டான். கேக்க ஆளில்லாம ஏலம் நின்டு போகும். தங்கச்சிட மெஷின் சும்மாவே திரும்பி வரும்” என்றார் நானா. கடையில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். மாமாவின் கையெழுத்தில் போன கட்டளை அது. மாமாவும் ஜும்ஆவுக்குப் போகிற மனிதர்தானே. எங்களை விட்டுக்கொடுக்காமல் இருக்க அவர் செய்த யுக்தி என்றுகூட ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாறமாட்டார்கள். உலகத்தில் எல்லா ஆண்களும் வெள்ளிக்கிழமைப் பகலில் பள்ளிவாசலில்தான் இருப்பார்கள் என்று நினைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில். கீரை விற்கிற சிங்களப் பெண் ஓடி வந்து வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

“அக்கே! வெந்தேசிய பட்டங் கத்தா!”

ஏலம் தொடங்கிவிட்டது. யாரை வைத்துத் தொடங்கினார்கள் என்று கேட்டேன். வெளியூர் ஆட்கள் என்றாள். வரிக் கணக்கை முடிக்க மாத்தளை கவர்மேந்துக் கந்தோரிலிருந்து வந்த துரை பலாபத்வலை பஜாரிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். ஊர் முறை அவருக்கு எங்கே தெரியும்? அல்லது தெரிந்துதான் ஒட்டினாரா, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு ஓடினேன். முதலில் பள்ளிவாசலுக்கு. பெண்கள் அங்கே போவதில்லை. மதிலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த பக்கமாக நின்றேன். உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. குத்பா ஓதும்போது யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவனைப் பேசாதே என்று சொல்வதும் கூடாது. ஜன்னல் வழியாக நானாவின் முதுகு தெரிந்தது. அவர் சட்டைப்பையில்தான் ஏலத்துக்கு வைத்திருந்த சல்லி.

“நானா!” என்றேன். “நானா! ஏலம் போடுறாங்க!”

சில தலைகள் லேசாகத் திரும்பின. நானாவின் தோள் அசைந்தது. அவருக்குக் கேட்டது, அது எனக்குத் தெரியும். முன் வரிசையில் மாமாவின் வெள்ளைத் தொப்பி அசையவே இல்லை. யாரும் எழும்பவில்லை. பலாமரத்தடியில் பேசாமல் நின்று எத்தனையோ வீட்டுச் சாமானைக் காப்பாற்றிய ஆண்கள் எல்லாரும் அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மார்க்கம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்த முதுகுகள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பலாமரத்தடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு சைக்கிளும் சில பித்தளைப் பானைகளும் போய்விட்டிருந்தன. மெஷின் வாங்கின் பக்கத்தில் நின்றது. மாத்தளைத் துரை யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. முன்னால் நின்றவர்களில் ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் குனிந்து மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லாகச் சுற்றியது. நான்தான் முந்தின வாரம் எண்ணெய் விட்டிருந்தேன்.

“ஐயா, அது என்ட மெஷின். நான் கேக்குறேன்” என்று ஒரு தொகையைச் சொன்னேன்.

துரை திரும்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“தங்கச்சி, வரி பாக்கி வைச்ச ஆள் ஏலம் கேக்கேலாது. முழுப் பாக்கியையும் இப்ப கட்டினால் ஏலமே தேவையில்லை. கொண்டு வந்தனீங்களோ?”

“எங்கட ஆம்புளைகள் ஜும்ஆவுக்குப் போயீக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க ஐயா. தொழுகை முடிஞ்ச ஒடனே வந்துருவாங்க.”

“நான் என்ன செய்யிறது, பிள்ளை? நாளைக்குப் பகலோட கணக்கு மூடவேணும். இப்ப வாற பஸ்ஸிலை நான் காசோட மாத்தளைக்குப் போகவேணும். இல்லாட்டி உங்கட ஊருக்கு வாற தண்ணிதான் நிண்டு போகும். தண்ணி வேணாமோ உங்களுக்கு?”

அந்தத் தண்ணீரைக் கேட்டு முன்னால் நின்று பேசியதே நான். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர் ஒரு தொகையைச் சொன்னார். இன்னொருவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். முதல் ஆள் மறுபடியும் கூட்டினார். பிறகு யாரும் பேசவில்லை. மெஷின் போய்விட்டது. பாக்கியும் பறைக்காரன் கூலியும் கழித்து, மிஞ்சிய சில்லறையைத் துரை என் கையில் வைத்தார்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் ஓடி வந்தபோது பலாமரத்தடியில் நான் மட்டும் இருந்தேன். நானா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குத்பா ஓதிக்கொண்டிருந்தாங்க, தங்கச்சி” என்றார்.

“தெரியும் நானா” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்ததே இல்லை.

மாமா கடைசியாக வந்தார், அத்தர் வாசத்தோடு. “என்னய என்ன செய்யச் சொல்றீங்க புள்ள? நான் நாள் குறிக்கல்ல, துரைதான் குறிச்சாரு. நான் கையெழுத்து மட்டும்தான் வச்ச” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எங்கட பங்கு நெறஞ்சிட்டுது. தண்ணி வரும். எல்லாருக்கும் நல்லதுதானே” என்றார். எல்லாருக்கும் நல்லது என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

தோட்டத்துப் பெண்களின் துணிகளைக் கையாலேயே தைத்து முடித்தேன். இரவும் பகலும் தைத்தும் பாதி ஜாக்கெட் தீபாவளி கழிந்துதான் போனது. அடுத்த வருஷம் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மிஞ்சின சில்லறை மகளின் பஸ்ஸுக்குக் கொஞ்ச நாள் வந்தது. அதன் பிறகு அவள் ஒரு நாள் போவாள், ஒரு நாள் நிற்பாள். ஜனவரியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, மாமாவின் களஞ்சியத்தில் கொக்கோ விதை காயவைக்கிற வேலைக்குப் போனாள். நான் சொல்லி அவள் போகவில்லை. அவளே மாமாவிடம் கேட்டிருக்கிறாள். மாமாவும் பாவம் என்று கொடுத்தார். சம்பளமும் நேரத்துக்குத் தந்தார், அதையும் சொல்ல வேண்டும். “தண்ணி வந்தா உம்மாக்கு வேல கொறையும், அப்ப நான் திரும்பப் படிக்கப் போறேன்” என்று மகள் சொன்னாள்.

தண்ணீர் வரும்போலத்தான் இருந்தது. ஊரே சேர்ந்து சிரமதானத்தில் குழாய் பதிக்கக் கான் வெட்டியது. ஆண்கள் அலவாங்கு பிடித்தார்கள், பெண்கள் தேத்தண்ணி ஊற்றினோம். லொறியில் இரும்புக் குழாய்கள் வந்து சபைக் கந்தோர்ப் பக்கத்தில் இறங்கின. முச்சந்தியில் சிமெந்துத் தூண் கட்டி, அதில் பித்தளைக் குழாய்வாயையும் பூட்டினார்கள். பிள்ளைகள் அதைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். தூணில் ஒரு கல்லும் பதித்தார்கள்: அரசாங்கத்தின் உதவியுடன் பொதுமக்களின் பங்களிப்பு. நான் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் மெஷினைத்தான் பார்த்தேன்.

பிறகு கொழும்பில் சல்லி இல்லை என்று சொன்னார்கள். வெளிநாட்டுச் சாமானுக்குக் கட்ட வழி இல்லையாம். எல்லாச் சபைகளின் பங்கையும் வெட்டிவிட்டார்களாம். இரண்டு பங்கு ஒன்றாகி, ஒன்று பாதியாகி, கடைசியில் கை விரித்துவிட்டார்கள். ஒரு நாள் மறுபடியும் லொறி வந்தது. அடுக்கியிருந்த குழாய்களை ஏற்றினார்கள். டவுனில் அவசர வேலையாம், அங்கே மூன்று பங்கும் கொழும்பே போடுகிறதாம். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. வெட்டின கான் மழையில் மூடிக்கொண்டது. தூண் மட்டும் முச்சந்தியில் நின்றது. காகம் உட்கார நல்ல இடம்.

நான் சும்மா இருக்கவில்லை. மாத்தளைக்குப் பஸ் ஏறி அந்தத் துரையின் கந்தோருக்குப் போனேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“ஐயா, கொழும்பு அவங்கட ரெண்டு பங்கையும் தரல்ல. அப்ப எங்கட ஒரு பங்கைத் திருப்பித் தாங்க. அதுல என்ட மெஷின் ஈக்கி” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி, அது நீங்கள் கட்டவேண்டிய வரி. கட்டினியள். உங்களுக்குத் திருப்பித் தர அதிலை ஒண்டும் இல்லை.”

“செரி, எனக்கு வேணாம். ஊருக்குக் குடுங்க. கெணறு ஒண்டாவது வெட்டட்டும்.”

“ஊருக்கும் இல்லை” என்றார். சொல்வதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தார். “உங்கட சபை முந்திச் சந்தைக் கட்டடம் கட்ட அரசாங்கத்திட்டைக் கடன் எடுத்தது. தவணை கட்டேல்லை. நீங்கள் கட்டின பங்கை அந்தக் கடனுக்குக் கொழும்பு கழிச்சுப்போட்டுது.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது, அழுகை அல்ல. இரண்டு பாக்கைக் காட்டி ஒரு பாக்கை வாங்கினார்கள். அந்த ஒன்றையும் வாயில் போட்டுக்கொண்டார்கள். துரை தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். கண்ணாடிக் கோப்பையில் டவுன் பைப் தண்ணீர் வந்தது, குளிர்ச்சியாக, கலங்கல் இல்லாமல். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். தாகம் இல்லாமல் இல்லை.

திரும்பி வரும்போது பலாபத்வலையில் இறங்கினேன். பஜாரில் ஒரு தையல் கடை வாசலைக் கடக்கும்போது சத்தம் கேட்டது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சத்தம் உண்டு. என்னுடையது மிதியைத் தூக்கும்போது மட்டும் லேசாக இருமும். நின்று பார்த்தேன். அன்றைக்குச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பக்கமிருந்து வந்து கடை போட்ட தமிழர். என்னைக் கண்டதும் மிதியை நிறுத்தினார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

“வாங்கம்மா” என்றார். “எனக்கு என்னங்க தெரியும்? ஏலம்னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க, வந்தேன். ஒங்க மெஷின்னு பொறகுதான் சொன்னாங்க. நானும் கடன் வாங்கித்தான் எடுத்தேன்.”

அவர் மேல் கோபப்பட என்னிடம் மிச்சம் ஏதும் இருக்கவில்லை. மிதி இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் விட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எங்கே விட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.

பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கடையின் பின்னறையில் அவருடைய மனைவி காஜா எடுக்கிறாள், ஆள் போதவில்லை, வேலைக்கு வரமுடியுமா என்று. மெஷினைப் பின்னறைக்குத் தள்ளித் தருகிறேன், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார். அடுத்த வாரமே போனேன். அதற்குப் பிறகு பல வருஷங்கள், என் மெஷினில், அவருக்கு வேலை செய்தேன். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. முதல் கூலியில் சோலைவரியைக் கட்டினேன். அதன் பிறகு ஒரு வருஷமும் பிந்தியதில்லை. ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து குளித்துவிட்டு, போய் வரிசையில் நின்று கட்டுவேன். எடுத்துக்கொண்டு போக என் வீட்டில் இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கட்டினேன்.

கையில் கொஞ்சம் சல்லி சேர்ந்ததும் மகளிடம் கேட்டேன். “இனி பஸ்ஸுக்கு ஈக்கி, புள்ள. போய்ப் படிங்க.”

அவள் கொக்கோத் தோல் நிறமேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னோட படிச்சவங்க எழுதி முடிச்சிட்டாங்க, உம்மா. இனி போய்ச் சின்னப் புள்ளைகளோட வாங்குல இருக்கச் சொல்றீங்களா? என்னால ஏலா.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு அனுப்பியிருப்பேன்.

அந்த டிசெம்பரில் கடைக்கு ஒரு கட்டு வெள்ளைத் துணி வந்தது. மாத்தளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, புது வருஷத்துக்குச் சட்டை. கடைக்காரர் முதலாவது பிள்ளையின் அளவை வாசித்தார். உயரம், நெஞ்சு, இடுப்பு. எனக்கு நாடாவை எடுக்கத் தேவை இருக்கவில்லை. என் மகள் சட்டையை மடித்து வைத்த வருஷத்தில் அவளுடைய அளவு அது.

துணியை விரித்தேன், வெட்டினேன், என் மெஷினில் வைத்துத் தைத்தேன். அயன் பண்ணி மடித்துக் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் தண்ணீர் எடுக்க வேண்டுமென்று வீட்டுக்கு நடந்தேன்.